மொட்டைமாடியில் வெட்பாலைத் தைலம்

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாகும், அதைச் செதில் உதிரும் தோலில் தடவலாம். வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, ஒடுகத்தூர் ஊர்கள் பக்கம் வயதானவர்கள் யாரைக் கேட்டாலும் இவ்வளவு சொல்வார்கள். கேட்கும்போது வேலையே இல்லாத வேலை மாதிரித்தான் இருக்கும். உண்மையில் சீசாவுக்குள் நடப்பது தானாக நடந்துவிடுகிறது. நாம் மெனக்கெட வேண்டியது சீசாவுக்கு முன்னால் இலையிலும், சீசாவுக்குப் பின்னால் தோலிலும்தான்.

எங்கள் வீட்டில் இதைப் போட்டது மாமாவுக்காக, அதாவது அக்கா வீட்டுக்காரருக்காக. இரண்டு முழங்கையிலும் முழங்காலிலும் தடித்துச் சிவந்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிரும். தோல் மருத்துவர் பார்த்துச் சோரியாசிஸ் என்று சொல்லி ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்திருந்தார். சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலைத் தைலம் தடவலாமா என்று மாமா கேட்டதற்கு அவர் கோபப்படவில்லை. “தடவிக்குங்க. ஆனா நான் கொடுத்ததை நீங்களா நிறுத்தாதீங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல பூசாதீங்க” என்று மட்டும் சொன்னார். அந்த அனுமதி கிடைத்த பிறகுதான் நான் இலைக்குப் போனேன்.

இந்தத் தைலம் கடையிலும் கிடைக்கிறது, அரசு சித்த மருத்துவப் பிரிவிலும் கொடுக்கிறார்கள். அப்புறம் ஏன் வீட்டில் போட வேண்டும் என்று கேட்டால், கொல்லையில் மரம் நிற்கிறது, கத்திரி வெயில் சும்மா கிடைக்கிறது, அவ்வளவுதான். மரம் இல்லாதவர்கள் வாங்கிக்கொள்வதே நல்லது.

மரம்

பாலை என்ற பெயரில் பால் வடியும் மரங்கள் நம் பக்கம் நிறைய. வெட்பாலை, குடசப்பாலை, ஏழிலைப்பாலை எல்லாம் ஒரே குடும்பம். அதே குடும்பத்தில்தான் அரளியும் இருக்கிறது. அரளி முழுக்க விஷம், இதயத்தைத் தாக்கும் விஷம். அதனால் ‘கிள்ளினால் பால் வருது, வெட்பாலைதான்’ என்று இலையைப் பறித்துக்கொண்டு வருவது சரிப்படாது.

வெட்பாலையின் தாவரவியல் பெயர் ரைட்டியா டிங்க்டோரியா. சின்ன மரம், இலையுதிர்க்கும். மாசி வாக்கில் மொட்டையாக நிற்கும், பங்குனி, சித்திரையில் துளிரும் பூவும் சேர்ந்தே வரும். இலைகள் காம்பில் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக இருக்கும். உள்ளங்கை நீளம், நுனி கூராக நீண்டு முடியும். அரளியில் பெரும்பாலும் ஒரே கணுவில் மூன்று இலை சுற்றி நிற்கும், தடிப்பாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். ஏழிலைப்பாலையில் குடைக்கம்பி போல வட்டமாக நிற்கும். மஞ்சள் அரளியில் இலைகள் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி இருக்கும். இவற்றைப் பிரிப்பது சுலபம்.

குழப்புவது குடசப்பாலை. அதற்கும் இலை எதிரெதிர், அதற்கும் பால், அதற்கும் வெள்ளைப் பூ. போதாததற்குச் சில ஊர்களில் அதையும் வெட்பாலை என்றே கூப்பிடுகிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் வெட்பாலை அரிசி என்று கேட்டால் எந்த மரத்தின் விதை கைக்கு வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதை அவர்கள் வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்கள். அது உள்மருந்து, சித்த மருத்துவர் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், இங்கே நமக்கு வேலை இல்லை.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது காய். வெட்பாலைக் காய் மெல்லிசாக, ஒரு முழம் வரைகூட நீண்டு, இரண்டிரண்டாகத் தொங்கும். அந்த இரண்டும் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். காம்பிலும் சேர்ந்து நுனியிலும் சேர்ந்து, நடுவில் மட்டும் விலகியிருக்கும். முற்றி வெடிக்கும்போதுதான் பிரியும். குடசப்பாலையில் ஜோடிக் காய் இரண்டும் தனித்தனியாகவே தொங்கும். பூ இருந்தால் அதையும் பார்க்கலாம். வெட்பாலைப் பூவின் நடுவில் நார் நாராக ஒரு குஞ்சம் இருக்கும், குடசப்பாலைப் பூவில் அது இருக்காது. எங்கள் கொல்லை வரப்பில் நிற்கும் மரத்தில் போன பருவத்துக் காய்ந்த காய்கள் வெடித்தபடி தொங்கிக்கொண்டிருந்தன. புதுப் பிஞ்சுகளும் நுனி ஒட்டியே இருந்தன. அது போதும்.

காயும் இல்லை, பூவும் இல்லை, காட்டுபவரும் உறுதியாகச் சொல்லவில்லை என்றால் அந்த மரத்தை விட்டுவிட வேண்டும். இன்னொன்று, அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் இந்த மரம் தாராளமாக இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் அதில் பெரும்பகுதி காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் இலை பறித்தாலும் குற்றம் குற்றம்தான். பட்டா நிலத்தில், சொல்லிவிட்டுப் பறிக்க வேண்டும்.

இந்த மரத்தின் கட்டை வெள்ளையாக, இழை தெரியாமல் வழவழவென்று இருக்கும். பெங்களூரு போகிற வழியில் வாங்கி வருவோமே, சன்னபட்டணத்து மரப்பொம்மை, அது இந்தக் கட்டையில் கடைவதுதான்.

இலை

ஏறக்குறைய கால் கிலோ பறித்தேன். துளிரும் வேண்டாம், பழுத்ததும் வேண்டாம், நடுத்தர இலை. பறிக்கும்போது பால் விரலில் ஒட்டிப் பிசுபிசுவென்று வரும். அந்தக் கையோடு கண்ணைக் கசக்கக் கூடாது. எருக்கம்பால் அளவுக்குக் கெடுதல் என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் எந்தப் பாலும் கண்ணுக்கு ஆகாது. நான் பழைய துணிக் கையுறை போட்டுக்கொண்டேன்.

கழுவ வேண்டும். சாலையோரத்து இலையில் புழுதி அப்பிக் கிடக்கும், பறவை எச்சமும் இருக்கும். கழுவாமல் போடச் சொல்பவர்கள் தண்ணீர் சேரக் கூடாதே என்று சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது, அதற்கு வழி கழுவாமல் விடுவதல்ல, கழுவி நன்றாக உலர்த்துவது. இரண்டு தண்ணீரில் அலசி, உதறி, பழைய வேட்டியில் பரப்பி, வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் ஒரு ராத்திரி விட்டேன். இலையைக் காயவிடக் கூடாது, வாடவிட வேண்டும். காலையில் எடுத்துப் பார்த்தால் மேலே ஒரு சொட்டு ஈரம் இல்லை, இலை துவண்டு, மடித்தால் ஒடியாமல் மடிய வேண்டும். கசங்கிய இடங்கள் லேசாகக் கருத்திருந்தன. சருகாகக் காய்ந்த இலையில் நிறம் சரியாக இறங்குவதில்லை என்பார்கள். நான் அதைப் போடவில்லை.

பக்கத்து வீட்டு ஆயா மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியை எடுத்ததுமே, “டேய், இரும்பு படக்கூடாதுடா, கையால கிள்ளிப் போடு” என்றார். இது பல பேர் சொல்வதுதான். ஆயாவுக்காக ஒரு சீசாவுக்குக் கிள்ளியும், எனக்காக இன்னொன்றுக்குக் கத்தியால் அரிந்தும் போட்டேன். இரண்டும் ஒரே மாதிரித்தான் ஊதாவாயின. கிள்ளுவதில் ஒரு சௌகரியம் உண்டு, நரம்பு முற்றிய இலை கைக்குத் தெரிந்துவிடும், ஒதுக்கிவிடலாம். அதற்காக அடுத்த முறையும் கிள்ளித்தான் போடுவேன், ஆயாவும் சந்தோஷப்படுவார்.

ஆயா ஒரு இலையை எடுத்து உப்புக்கல் வைத்து மென்று காட்டினார், பல்வலிக்கு அந்தக் காலத்தில் இப்படித்தான் என்று. காரம் தாங்காமல் அவரே துப்பிவிட்டார். நான் வாயில் வைக்கவில்லை.

வெயில்

எண்ணெய் குடியாத்தம் பக்கத்துச் செக்கு எண்ணெய். செக்கு எண்ணெயில் அடியில் கசடு தங்கும், அந்தக் கசடில்தான் ஈரமும் இருக்கும். அதனால் இரண்டு நாள் அசையாமல் வைத்து, மேலாக இறுத்த தெளிவை மட்டும் எடுத்துக்கொண்டேன். அளவு: வாடிய இலை ஒரு பங்கு, எண்ணெய் இரண்டு பங்கு. 200 கிராம் இலைக்கு 400 மில்லி. சமமாகப் போடுகிறவர்களும் உண்டு, ஆனால் சம அளவு போட்டால் இலை எண்ணெயில் முங்காது, மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். எண்ணெய்க்கு வெளியே நிற்கிற இலையில்தான் பூசணம் பிடிக்கும். எல்லா இலையும் முங்கியிருக்க வேண்டும் என்பதை விதியாக வைத்துக்கொண்டால் அளவு தானாகச் சரியாகிவிடும்.

சீசா அகல வாய்க் கண்ணாடி சீசா, ஊறுகாய் போட்டது. கழுவி, வெயிலில் கவிழ்த்து, உள்ளே ஈரம் இல்லாமல் காயவைத்தது. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். மே மாத வேலூர் மொட்டைமாடியில் தரை சூடு எப்படி இருக்கும் என்று செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் எண்ணெயோடு பிளாஸ்டிக் கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் மூடியை இறுக்கி வைத்தேன், பார்க்கலாமே என்று. ஒரு மணி நேரத்துக்குள் சீசாவின் கழுத்தில் உள்பக்கமாக முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொண்டது. இலை வெளியே உலர்ந்திருந்தாலும் உள்ளே இருக்கும் நீர் வெயிலில் ஆவியாகி மேலே வருகிறது. மூடி இருந்தால் அது போக வழியின்றித் திரும்ப எண்ணெய்க்குள்ளேயே சொட்டும். உடனே மூடியை எடுத்து, கழுத்தை உலர்ந்த துணியால் துடைத்து, வாயில் இரண்டு மடிப்பு வெள்ளைத் துணி கட்டினேன். அதற்கப்புறம் முத்து கட்டவில்லை. துணி தூசியையும் எறும்பையும் தடுக்கும், ஆவியை விட்டுவிடும். வெயில் சாய்ந்ததும் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். பனி இறங்கினாலும் ஆபத்து, சாயங்காலம் திடீரென்று கோடை மழை அடித்தாலும் ஆபத்து. காலையில் உலர்ந்த கரண்டியால் ஒரு கிளறு கிளறி மறுபடி மேலே.

நிறம் வருவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது இந்த வேலையில் கிடைக்கும் பெரிய சுகம். முதலில் எண்ணெய் பசுமஞ்சளாகத்தான் இருக்கிறது. மதியத்துக்கு மேல் இலை விளிம்புகளிலிருந்து மெல்லிசாக ஒரு சிவப்பு கசியும். இலைக்குப் பக்கத்தில் சிவப்பு, விலகினால் பச்சை, இரண்டும் கலக்கும் இடத்தில் அழுக்குப் பழுப்பு. மறுநாள் முழுச் சீசாவும் ஒயின் நிறத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் கருத்து, சீசாவைச் சூரியனுக்கு நேரே தூக்கினால்தான் ஊதா தெரியும், கீழே வைத்தால் கறுப்பாக இருக்கும். ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டால் நாவல்பழச் சாறேதான். ஒரு வாரம் போல வைத்தேன். நிறம் இனிமேல் கருக்கவில்லை என்று தோன்றியதும் நிறுத்தினேன்.

சின்ன சீசா ஒன்றை அடுப்படி ஜன்னலோரம் நிழலில் வைத்திருந்தேன். அதுவும் சிவந்தது, ஆனால் மெதுவாக, மாடிச் சீசாவின் ஆழம் வரவில்லை. வெயிலுக்கு வேலை இருக்கத்தான் செய்கிறது. சித்த மருத்துவர்கள் இதைச் சூரியபுடம் என்பார்கள். எண்ணெயைக் காய்ச்சியும் போடுகிறார்கள், எனக்கு வெயில் போதும்.

இந்த நிறம் எங்கிருந்து வருகிறது என்பது பழைய விஷயம். கம்பெனிக் காலத்தில் சென்னை ராஜதானியில் வேலை பார்த்த வில்லியம் ராக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் இந்த இலையிலிருந்து நீலச் சாயம் எடுத்துப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அவுரிச் செடியில் எடுக்கிற அதே நீலம்தான். இண்டிகோ என்னும் அந்த நீலமும் அதன் உறவான இண்டிருபின் என்ற சாயப்பொருளும் வெட்பாலை இலையில் கண்டறியப்பட்டிருக்கின்றன. இண்டிருபின் சிவப்பு கலந்த ஊதா. சீன வைத்தியத்தில் நீலச் செடிகளிலிருந்து எடுக்கும் ஒரு பொடியைச் சோரியாசிஸுக்கு மேல்பூச்சாகப் போடுகிறார்கள், அதிலும் இந்த இண்டிருபின்தான் பேசப்படுகிறது. ஆக, நம்முடைய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இலையைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் இதை வைத்து என் சீசாவில் இருப்பது நிரூபணமான மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். எந்த மரம், எந்த மாதம், எத்தனை வெயில் என்பதைப் பொறுத்து உள்ளே இறங்குகிற அளவு மாறும், வீட்டில் அதை அளக்க வழியில்லை. நிறம் கருத்திருப்பதால் வீரியம் கூடுதல் என்பதும் வெறும் நம்பிக்கைதான். நிறம் எனக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: பச்சையாகவே நின்றுவிட்டால் மரம் மாறியிருக்கலாம், தூக்கிப் போட்டுவிடு.

வடிப்பது, சோதிப்பது

உலர்ந்த மல்துணியில் வடித்தேன். பிழியக் கூடாது என்று சில பேர் சொல்வார்கள், நான் முதலில் தானாக வடிந்ததைத் தனியாகவும், பிழிந்ததைத் தனியாகவும் எடுத்தேன். பிழிந்ததில் இலைத்தூளும் மிச்ச ஈரமும் சேர்ந்தே வருகிறது. ஒரு நாள் அசையாமல் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்: தானாக வடிந்த சீசாவின் அடி சுத்தமாக இருந்தது, பிழிந்ததின் அடியில் கலங்கலாக ஒரு படலம். அந்தப் பிழிந்த சீசாவை முதலில் தீர்த்துவிட முடிவுசெய்தேன்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்கத் தைலம் காய்ச்சுகிறவர்கள் செய்யும் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. பஞ்சுத் திரியைத் தைலத்தில் தோய்த்து ஏற்ற வேண்டும். சத்தமில்லாமல் எரிந்தால் ஈரமில்லை. படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. தெளிந்த தைலத்தில் திரி அமைதியாக எரிந்தது. பிழிந்ததில் இரண்டு முறை சிடுசிடுத்தது. அதை மேலும் ஒரு நாள் துணி கட்டி வெயிலில் வைத்து, அடிக் கலங்கலை விட்டுவிட்டு மேலாக இறுத்த பிறகு சத்தம் நின்றது.

கறுப்புக் கண்ணாடி சீசாவில் ஊற்றி, தேதி எழுதி, ‘வெளிப்பூச்சு மட்டும்’ என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். வீட்டில் சின்னப் பசங்க இருக்கிறார்கள், நிறத்தைப் பார்த்தால் திராட்சை ஜூஸ் என்று குடித்துவிடுவார்கள். எட்டாத பரணில்தான் வைக்க வேண்டும். காறல் வாடையோ புளிப்பு வாடையோ வந்தாலோ, மேலே நூல் மாதிரி ஏதாவது மிதந்தாலோ, தடவாமல் கொட்டிவிட வேண்டியதுதான். மார்கழியில் உறைந்து போகும், அது கெட்டதற்கு அடையாளம் இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும், சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் சீசாவை நிறுத்தினால் இளகிவிடும்.

தோல்

மாமாவுக்கு நேராகப் படையில் தடவவில்லை. முன்கையின் உள்பக்கம், நல்ல தோலில், ஒரு ரூபாய் அகலத்துக்குத் தடவி விட்டுவிட்டோம். ஒவ்வாமை அன்றைக்கே தெரியும் என்பதில்லை, இரண்டு மூன்று நாள் கழித்தும் சிவந்து அரிக்கலாம். அதுவரை பொறுத்தோம். மாமா பொறுக்க மாட்டார், “இதுக்கெல்லாம் என்ன மாப்ள, இலை தானே” என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். சேராங்கொட்டையும் செடிதான் மாமா என்றேன். அதன் பால் பட்டுத் தோல் வெந்துபோன ஆளை அவருக்கே தெரியும், பேசாமல் இருந்தார்.

ஒன்றும் ஆகவில்லை. பிறகு ராத்திரி ஆயின்மென்ட், காலையில் குளிப்பதற்கு முன் அரைமணி நேரம் தைலம் என்று பிரித்துக்கொண்டார். தேய்த்துக் குளிக்க நாரும் பீர்க்கங்கூடும் வேண்டாம் என்று பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. சோரியாசிஸில் செதிலைப் பிய்த்தால் அடியில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும். அதைவிட மோசம், சொறிந்து காயம்பட்ட நல்ல தோலிலும் புதிதாகப் படை கிளம்பும். பாசிப்பயறு மாவை மெதுவாகப் பூசிக் கழுவினால் எண்ணெய் போகும், அது போதும். தைலம் தடவிக்கொண்டு மதிய வெயிலில் நிற்பதும் வேண்டாம். இந்த ஊர் வெயிலில் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து மயிர்க்கால்களை அடைத்துச் சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்பும். தொடையிடுக்கு, அக்குள் பக்கம் போகவே வேண்டாம்.

விளைவு என்று கேட்டால்: முழங்கையில் செதில் இளகியது, அரிப்பு குறைந்தது, சட்டை உரசி வெடிப்பது நின்றது. முழங்காலில் பெரிதாக மாற்றம் இல்லை. இதில் தைலத்தின் பங்கு எவ்வளவு, ஆயின்மென்டின் பங்கு எவ்வளவு, வெறும் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாலும் இளகியிருக்குமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்த வியாதி தானாகவே அடங்கும், தானாகவே கிளம்பும். அடங்குகிற காலத்தில் எதைத் தடவினாலும் அதற்குப் பேர் கிடைத்துவிடும். மருத்துவர் சொன்ன மருந்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டு இலைக்கு மாறுவதுதான் பெரிய ஆபத்து. குறிப்பாக ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென்று விட்டால் முன்னைவிட வேகமாகத் திரும்பும், சிலருக்குச் சீழ்க்கொப்புளமாக உடம்பெல்லாம் கிளம்பி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரும்.

செய்தி தெருவுக்குப் போனது. அதற்கப்புறம் சீசா கேட்டு வந்தவர்களை வைத்துத்தான் பாதிப் பாடம் படித்தேன்.

ஒருவருக்கு இடுப்பில் வட்டமாக, விளிம்பு மட்டும் சிவந்து தடித்து, நடுவில் ஆறின மாதிரி. அது படர்தாமரை, பூஞ்சைத் தொற்று. மருந்துக் கடையில் தானாக வாங்கிய ஏதோ கலப்புக் கிரீமைப் போட்டுப் போட்டு அது தொடை வரை இறங்கியிருந்தது. அப்படிப்பட்ட கிரீம்களில் கிளோபிடசால் மாதிரி ஸ்டீராய்டு இருக்கும், அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். அதன்மேல் நம் எண்ணெயையும் தடவினால் ஈரமும் சூடும் கூடுமே தவிர ஆறாது. எண்ணெய் கொடுக்கவில்லை.

இன்னொரு தம்பி ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் ஈர வேலை பார்க்கிறவர். இரண்டு கையும் வெடித்துச் செதிலாக இருந்தது, பார்க்கச் சோரியாசிஸ் மாதிரியேதான். ஆனால் லீவில் ஊருக்குப் போனால் குறைகிறது, வேலைக்குத் திரும்பினால் கூடுகிறது என்று அவரே சொன்னார். குரோமியம் ஒவ்வாமையாக இருக்கலாம். தோல் பதனிடுகிறவர்களுக்கும் வரும், சிமென்ட்டில் கை வைக்கும் கொத்தனார்களுக்கும் வரும். கையுறை இல்லாமல் எந்தத் தைலமும் அதைத் தீர்க்காது. தோல் மருத்துவரிடம் போய் எதனால் என்று சோதித்துக்கொள்ளச் சொன்னேன்.

மூன்றாவது ஆள் சொன்னதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். அம்மாவுக்கு முதுகில் வெளிறிய ஒரு தேமல், அரிப்பே இல்லை, கிள்ளினாலும் தெரியவில்லை என்றார். உணர்ச்சி இல்லாத வெளிறிய தோல் என்றால் முதலில் நினைக்க வேண்டியது தொழுநோயை. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-இல் இதற்கென்றே தொடங்கிய ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் 1940-களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற மருத்துவர் தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவைச் சிகிச்சையில் நிமிர்த்தத் தொடங்கியதும் இங்கேதான். விரல்கள் அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போனதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயப்பட்டுப் போகின்றன என்று அவர் ஊன்றிச் சொன்னார். கூட்டு மருந்துச் சிகிச்சையில் முழுதாகக் குணமாகும், மருந்து இலவசம். சீக்கிரம் போனால் நரம்பு பிழைக்கும். இலைத் தைலம் தடவிக்கொண்டு ஆறு மாதம் காத்திருந்தால் அந்த ஆறு மாதத்தில் கை போய்விடலாம். தேமலைத் தொட்டுப் பார்க்க ஒரு சின்னப் பஞ்சு போதும். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு படுவது தெரிகிறதா என்று கேட்டாலே போதும். ஆனால் தெரிகிறது என்று சொன்னாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். அவரை அன்றைக்கே போகச் சொன்னேன், போனார்.

கைக்குழந்தைக்குக் கேட்டார்கள், மறுத்தேன். கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுப்பதில்லை. திறந்த புண், சீழ், ரத்தக் கசிவு உள்ள இடத்தில் வீட்டில் போட்ட எந்த எண்ணெயும் ஆகாது, வெயிலில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கக் கூடாது. தலைப்பொடுகுக்குத் தடவலாமா என்பது அதிகம் கேட்கப்பட்ட கேள்வி. பொடுகில் ஒரு வகை, எண்ணெயை உண்டு வளரும் பூஞ்சையால் வருவது, அதற்கு ஊற ஊற எண்ணெய் வைத்தால் கூடத்தான் செய்யும். தலையில் வருகிற சோரியாசிஸ் வேறு. எது என்று பார்த்துத் தெரிந்த பிறகு வாருங்கள் என்றேன்.

கறை பற்றி ஒரு வார்த்தை, பெண்கள் என்னைத் திட்டுவதற்கு முன். பழைய லுங்கி, பழைய தலையணை உறை இரண்டும் இதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். எண்ணெய் போனாலும் ஊதா போகாது. ஈரம் காய்வதற்குள் சோப்புத்தூளும் வெந்நீரும் போட்டு ஊறவைத்தால் வெளிறும், அவ்வளவுதான். மாமாவின் ஒரு வெள்ளை வேட்டி இப்போது கொல்லைக்குப் போகும் வேட்டி ஆகிவிட்டது.

தெருவில் ஒருவர், “சீசா இருநூறு ரூபாய்னு போட்டு வித்துடலாமே” என்று யோசனை சொன்னார். சித்த மருந்தைத் தயாரித்து விற்க உரிமம் வேண்டும், 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தில் அதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. என் மொட்டைமாடிக்கு அந்த உரிமம் கிடையாது. சும்மா கொடுப்பதையும் இப்போது குறைத்துக்கொண்டேன். மருத்துவர் சோரியாசிஸ் என்று எழுதிய சீட்டைக் காட்டுகிறவர்களுக்கு மட்டும் மரம் நிற்கிற வரப்பைக் காட்டுகிறேன், போடும் முறையைச் சொல்கிறேன். இலை வைகாசி, ஆனியில் நன்றாக இருக்கும். ஐப்பசி மழையில் வந்தால் வெயில் இருக்காது.